எல்லா இணைப்பும் ஒரே எல்பாரில போய்க் குவியுது: பூல் பிழையோ, பலன்சர் பிழையோ?

முதிரை (கிளிநொச்சி) கேட்டது:

அண்ணாமார், அக்காமார், சிடிஜி (மெயின்ஃப்ரேமில பரிவர்த்தனை நடத்திற சிஐசிஎஸ்ஸுக்கு வெளியில இருந்து போற கேற்வே) தெரிந்த ஆக்கள் ஆரும் இருந்தால் ஒருக்கா இதைப் பாருங்கோ.

ஜாவாப் பக்க வேலை இங்கே கிளிநொச்சியில நடக்குது. மெயின்ஃப்ரேம் ரொறொன்ரோவில, வாடிக்கையாளர் ஒரு காப்புறுதி நிறுவனம். ஜாவா ஓடுற வெப்ஸ்பியர் சேர்வர் நாலு. ஒவ்வொன்றிலும் சிஐசிஎஸ் ஈசிஐ (வெளியில இருந்து சிஐசிஎஸ் நிரலை அழைக்கிற வழி) ரிசோர்ஸ் அடாப்டர் போட்டு, பூல் (திறந்த இணைப்புகளை மூடாமல் வைச்சுத் திரும்பத் திரும்பப் பாவிக்கிற தொகுதி) உச்சம் 50 என்று வைத்திருக்கு. நாலும் பேசுவது ஒரே முகவரியோட: சிஸ்ப்ளெக்ஸ் டிஸ்ட்ரிபியூற்றர் (இணைப்புகளை எல்பார்களுக்குப் பிரிச்சு விடுறது) பார்க்கிற டைனமிக் விப்பா (எந்த ஒரு எல்பாரோடையும் கட்டுப்படாத பொது ஐபி முகவரி), போர்ட் 2006. அதுக்குப் பின்னால ரெண்டு எல்பார் (மெயின்ஃப்ரேமைப் பிரிச்ச தனித்தனிப் பங்கு). எல்பாருக்கு ஒரு சிடிஜி கேற்வே, ரெண்டு சிஐசிஎஸ் ரீஜன் (தனித்தனியா ஓடுற சிஐசிஎஸ் பிரதி). கேற்வேக்கும் ரீஜனுக்கும் இடையில எக்ஸ்சிஐ (மெயின்ஃப்ரேமுக்குள்ள இருந்து சிஐசிஎஸ்ஸை அழைக்கிற வழி).

கரைச்சல் மூன்று.

ஞாயிற்றுக்கிழமை அவையின்ர நேரம் அதிகாலை 2 மணிக்கு, எங்களுக்கு முற்பகல் பதினொன்றரைக்கு, ஒரு எல்பாரை ஐபிஎல் செய்வினம், அதாவது நிறுத்தித் திரும்பத் தொடக்குவினம். அது எழும்பி வந்த பிறகும் இணைப்பு ஒன்றும் அதுக்குப் போகாது. திங்கள் முழுக்க மற்ற எல்பார்தான் சுமக்கும்.

ரெண்டாவது, விடிய முதல் வாற சில கோரிக்கைகள் பிழையோட திரும்பும். அதையே திருப்பி அனுப்பினால் போகும்.

மூன்றாவது, மாதக் கடைசியில ‘கொனெக்சன் வெயிற் ரைம்அவுட்’ (பூலில இணைப்புக் கிடைக்காமல் காத்திருந்தே நேரம் முடியிற பிழை) கொட்டத் தொடங்கும். பூலை 200 ஆக்கிப் பார்த்தாச்சு. அந்தப் பிழை குறைஞ்சுது, ஆனால் அதுக்குப் பதிலா ஈசிஐ -16 என்ற பிழைக்குறி வரத் தொடங்கிச்சு. பதில் வாற நேரமும் இழுபடுது.

பூல் எவ்வளவு வைக்கலாம்? டிஸ்ட்ரிபியூற்றருக்கு முன்னால தனியா ஒரு லோட் பலன்சர் பெட்டி வைப்பம் என்று ஒரு யோசனையும் இருக்கு. உதவுமோ?


குளக்கட்டு:

தம்பியோ தங்கச்சியோ தெரியவில்லை, முதலில் அந்தப் பூலைத் திரும்ப 50க்குக் கீழே இறக்குங்கள். 200 வைத்ததால்தான் -16 வருகிறது. அது ஏன் என்று கீழே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

முதல் கரைச்சலில் டிஸ்ட்ரிபியூற்றரும் பிழையில்லை, பூலும் பிழையில்லை. இரண்டும் தத்தம் வேலையை ஒழுங்காகச் செய்வதால்தான் இப்படி. இரணைமடுக் குளத்தில் துருசு திறக்கிற ஆள் எந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் என்று ஒருமுறைதான் முடிவெடுக்கிறார். திறந்த பிறகு மூடும்வரை அதே வாய்க்கால்தான். டிஸ்ட்ரிபியூற்றரும் டிசிபி இணைப்பு தொடங்குகிற அந்தக் கணத்தில் மட்டும்தான் எந்த எல்பார் என்று பார்க்கிறது. பூலோ, தொடங்கிய இணைப்பை மூடாமல் வைத்திருப்பதற்கென்றே உள்ளது. ஞாயிறு ஒரு எல்பார் விழும்போது எல்லா இணைப்பும் மற்றதில் புதிதாகத் தொடங்கிவிடும். விழுந்தது எழும்பி வந்தாலும், புதிய இணைப்புக் கேட்க ஆளில்லை. கோரிக்கை ஆயிரக்கணக்கில் போகலாம், தீர்மானம் ஒன்றும் நடக்காது.

மருந்து, வெப்ஸ்பியர் பூலில் உள்ள ஏஜ்ட் ரைம்அவுட். தொடக்கத்தில் அது 0, அதாவது இணைப்புக்கு ஆயுள் முடிவில்லை. 900 செக்கன் என்று வையுங்கள். வயது கடந்த இணைப்பு வேலையில் இருந்தால் வெட்டமாட்டாது. பூலுக்குத் திரும்பிய பிறகுதான் அகற்றும். ஆகவே நடுவில் ஒரு பரிவர்த்தனை அறுந்துபோகும் என்ற பயம் வேண்டாம்.

இனி எண்ணிக்கை. ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு வேலையில் இருக்கும் என்பது, செக்கனுக்கு வருகிற கோரிக்கையை ஒரு கோரிக்கைக்கு எடுக்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது. நாலு சேர்வருக்கும் சேர்த்து செக்கனுக்கு 120, ஒன்றுக்கு 0.15 செக்கன் என்று வைப்போம்: 120 × 0.15 = 18. சேர்வருக்கு நாலரை. மாதக் கடைசி நெருக்கடிக்கு மூன்று மடங்கு விட்டாலும் 14. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். 50 போதாமல் போகிறது என்றால், ஒன்று பின்னால் உள்ளது மந்தமாகிவிட்டது, அல்லது இணைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆரோ வேறு வேலை செய்கிறார்கள். இரண்டுக்கும் பூலைப் பெருப்பிப்பது மருந்தல்ல.

இப்போது அந்த 50 எங்கெங்கே போய் முட்டுகிறது என்று கீழ்நோக்கிப் போவோம். ஒரு எல்பார் இல்லாத நாளுக்குத்தான் கணக்குப் போட வேண்டும், இரண்டும் இருக்கிற நாளுக்கு அல்ல.

கேற்வேயின் மாக்ஸ்கொனெக்ட் (ஒரே நேரத்தில் ஏற்கும் இணைப்பின் உச்சம்) தொடக்கத்தில் 100. ஒவ்வொரு திறந்த இணைப்பும், சும்மா கிடந்தாலும், ஒரு கொனெக்சன் மனேஜர் த்ரெட்டை (நிரலுக்குள் தனியே ஓடும் வேலை இழை) பிடித்துக்கொள்ளும். 4 × 50 = 200. ஒரு எல்பார் விழுந்தால் 200ம் ஒரு கேற்வேக்கு வரும். 100க்கு மேல் வருவது கொனெக்ட் ரைம்அவுட் வரை, அதாவது 2000 மில்லிசெக்கன், காத்திருந்துவிட்டு மறுக்கப்படும். பூலை 200 ஆக்கியபோது வாசலில் நின்றது 800.

அடுத்தது மாக்ஸ்வேர்க்கர், இதுவும் தொடக்கத்தில் 100. இணைப்பு இருந்தால் போதாது, கோரிக்கையைச் செய்ய வேர்க்கர் த்ரெட் வேண்டும். 10000 மில்லிசெக்கனுக்குள் வேர்க்கர் கிடைக்காவிட்டால் கோரிக்கை திரும்பும்.

அதற்கும் கீழேதான் உண்மையான இடுக்கு: எக்ஸ்சிஐ பைப், அதாவது கேற்வேயிலிருந்து ரீஜனுக்குப் போகும் தடம். ஒரு முகவரி வெளிக்கு (அட்ரஸ் ஸ்பேஸ், இங்கே ஒரு கேற்வே) 100 பைப் என்பது தொடக்க எல்லை. உங்களுக்கு எல்பாரில் இரண்டு ரீஜன். சிடிஜி பைப் ரீயூஸ் என்ற சூழல் மாறி ‘ஓல்’ என்று இருந்தால் (சொல்லாமல் விட்டால் அதுதான்), ஒரு வேர்க்கர் தான் பேசிய ஒவ்வொரு ரீஜனுக்கும் ஒரு பைப்பைத் திறந்து வைத்துக்கொள்ளும். 100 வேர்க்கர், 2 ரீஜன், 200 பைப் தேவை, இருப்பது 100. ஐம்பதாவது வேர்க்கரோடேயே முட்டிவிடலாம். -16 என்பது வளம் போதவில்லை என்ற குறி, அது இங்கிருந்துதான் வந்திருக்கும். கேற்வே லொக்கில் அந்த நேரத்தைப் பாருங்கள்.

என் கணக்குப்படி: பூல் 20. 4 × 20 = 80. மாக்ஸ்கொனெக்ட் 120, கண்காணிப்புக்கும் கைச்சோதனைக்கும் இடம் விட்டு. வேர்க்கர் 80. பைப் ரீயூஸை இப்போதைக்கு ‘ஒன்’ ஆக்கினால் 80 வேர்க்கருக்கு 80 பைப், 100க்குள் அடங்கும். ஆனால் ஒரு வேர்க்கர் ரீஜன் மாறி மாறிப் பேசும்போது பைப்பை மூடித் திறக்க வேண்டும், அதற்குச் செலவுண்டு. நிரந்தரமாக, பார்ம்லிப்பில் (இசட் ஓஎஸ்ஸின் அமைப்பு மதிப்புகள் உள்ள தொகுதி) ஐஇஎஃப்எஸ்எஸ்என் உறுப்பினரில் லொகோன்லிம் மதிப்பை 200க்கு ஏற்றச் சொல்லுங்கள், உச்சம் 250. அது ஐபிஎல் செய்தால்தான் பிடிக்கும். அதற்குத்தான் உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே. பிறகு ‘ஓல்’ க்குத் திரும்பலாம்.

சிஐசிஎஸ் பக்கத்தில் எக்ஸ்சிஐ செசன்ஸ் வரைவில் ரிசீவ்கவுன்ட் 80க்குக் குறையக்கூடாது. ஜெனரிக் (பலரும் பகிரும் பொது) இணைப்பு என்றால் இரவு பட்ச் வேலைகளும் அதையே பயன்படுத்தும், அவற்றையும் சேர்த்து எண்ணுங்கள். பலர் மாதிரிக் குழுவை அப்படியே பிரதி எடுத்துவிட்டு இந்த எண்ணைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள்.


பாலைப்பழம்:

குளக்கட்டு அண்ணை சொன்னதில எனக்கு ஒரு இடத்தில மட்டும் வேற அபிப்பிராயம். அதைப் பிறகு சொல்லுறன். முதல்ல உங்கட ரெண்டாவது கரைச்சல், அந்த விடியப்புறப் பிழை.

கேற்வேயின்ர ஐடில் ரைம்அவுட் 600000 மில்லிசெக்கன், பத்து நிமிசம். வெப்ஸ்பியரின்ர அன்யூஸ்ட் ரைம்அவுட் 1800 செக்கன், அரை மணித்தியாலம். ரெண்டையும் ஒருத்தரும் தொடாமல் விட்டால் என்ன நடக்கும்? பத்தாவது நிமிசம் கேற்வே தன்ர பக்கத்தை மூடிப்போடும். பூல் அதை அறியாமல் செத்த இணைப்பைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இன்னும் இருபது நிமிசம் இருக்கும். அந்த இடைவெளியில வாற ஆளுக்குப் பிழை. அன்யூஸ்ட் ரைம்அவுட் எப்பவும் கேற்வேயை விடச் சின்னதா இருக்க வேணும். ரீப் ரைம் எண்ட இன்னொன்று இருக்கு, அதுதான் எத்தனை செக்கனுக்கு ஒருக்காத் துப்புரவாக்கிற ஆள் வருவார் எண்டது, தொடக்கத்தில 180. அன்யூஸ்ட் 240, ரீப் 60 எண்டு வைச்சால், சும்மா கிடக்கிற இணைப்பு ஆகக் கூடியது 300 செக்கனில போயிடும். 600க்கு நல்ல தூரம்.

இதை மட்டும் செய்துபோட்டு இன்னும் விடியப்புறம் பிழை வருது எண்டு வருவீங்கள். ஏனெண்டால் பூலின்ர மினிமம் 1 எண்டு வரும். அன்யூஸ்ட் ரைம்அவுட் அந்த மினிமத்துக்குக் கீழ இறங்காது. ஆகவே சேர்வருக்கு ஒரு இணைப்பு இரவு முழுக்கக் கிடந்து சாகும், விடிய முதல் வாற ஆளின்ர தலையில விடியும். நாலு சேர்வர், நாலு பிழை. எண்ணிப் பாருங்கோ, சரியா வரும். மினிமத்தை 0 ஆக்குங்கோ. ஏஜ்ட் ரைம்அவுட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, அது மினிமத்தைப் பார்க்காமல் எடுக்கும்.

இடையில ஃபயர்வோல் இருந்தால் அதின்ர நேரத்தையும் கேளுங்கோ. கேற்வே 60000 மில்லிசெக்கனுக்கு ஒருக்காப் பிங் அனுப்பும், அதால ஃபயர்வோல் அநேகமா முழிச்சுக்கொண்டிருக்கும். ‘தேவையில்லாத போக்குவரத்து’ எண்டு ஆரும் பிங்கை 0 ஆக்கி வைச்சிருந்தால் ஃபயர்வோல் சத்தமில்லாமல் அறுத்துவிடும். இந்த முறை இணைப்பு அறுந்தது எண்டு சொல்லுற ரீசெற் கூட வராது. சொக்கெற் பதிலுக்காக வாயைப் பிளந்துகொண்டு நிக்கும்.

இப்ப வேற அபிப்பிராயம். ஏஜ்ட் 900 எண்டு நாலு சேர்வரிலையும் ஒரே எண்ணைப் போடாதேங்கோ. நாலையும் ஒண்டா ரீஸ்ராட் செய்தால் எல்லா இணைப்புக்கும் ஒரே பிறந்தநாள். ஒண்டாச் செத்து, ஒண்டாப் பிறக்கும். டிஎல்எஸ் (இணைப்பை மறைகுறியாக்கிறது) போட்டிருந்தால் அந்த நேரம் கேற்வே கைகுலுக்கிறதிலேயே களைச்சுப்போகும். 1500, 1700, 1900, 2100 எண்டு பிரிச்சுப் போடுங்கோ. அரை மணித்தியாலத்தில சமநிலை வந்தால் உங்களுக்குக் காணும். 900 அவசரம்.

பேர்ஜ் பொலிசி ‘என்டயர் பூல்’ ஆகவே இருக்கட்டும். ஒரு இணைப்பு அறுந்தால் முழுப் பூலையும் கொட்டிறது வீண் எண்டு சிலர் ‘ஃபெயிலிங் கொனெக்சன் ஒன்லி’ க்கு மாத்துவினம். அப்ப எல்பார் விழுற நேரம் பத்துச் செத்த இணைப்பு இருந்தால் பத்துப் பேர் ஒவ்வொருத்தரா அடி வாங்க வேணும். முழுக்கக் கொட்டினால் ஒருத்தரோட முடியும். கொட்டின பிறகு எல்லாரும் ஒண்டா ஓடிவந்து கதவைத் தட்டாமல் இருக்க, மேம்பட்ட பூல் பண்புகளில சேர்ஜ் திரெஷோல்ட் இருக்கு, அதைப் போடுங்கோ.

டிஸ்ட்ரிபியூற்றரில எந்த முறை போட்டிருக்கு எண்டும் கேளுங்கோ. ஒண்டும் சொல்லாமல் விட்டால் பேஸ்டபிள்யூஎல்எம். அது எந்த எல்பாரில சிபியு மிச்சம் இருக்கு எண்டு பார்க்கும், கேற்வே நோயாளியோ எண்டு பார்க்காது. பூல் மாதிரி நெடுநாள் இணைப்புக்கு வெயிற்றட்அக்டிவ் பொருந்தும்: இப்ப திறந்திருக்கிற இணைப்பை எண்ணி, குறைவா உள்ள பக்கம் அடுத்ததை அனுப்பும். எல்பார் எழும்பி வந்த உடனே புது இணைப்பெல்லாம் அந்தப் பக்கம்தான் போகும். ஏஜ்ட் ரைம்அவுட்டோட சேர்ந்தால்தான் இதுக்குப் பலன், தனிய வைச்சால் பழைய இணைப்பை அது அசைக்காது.

சேர்வர்டபிள்யூஎல்எம் போட்டு, கேற்வேயின்ர ஹெல்த் ரிப்போர்ட்டிங்கை இயக்கிறது இன்னொரு வழி. கேற்வே உயிரோட இருந்து பின்னால சிஐசிஎஸ் செத்திருந்தால், பிழை உடனே திரும்புறதால அந்தப் பக்கம் இணைப்புக் குறைவா, சும்மா இருக்கிற மாதிரித் தெரியும். பலன்சர் இன்னும் கூட அனுப்பும். பிழையை வேகமாச் செய்யிற சேர்வருக்குத்தான் கூட வேலை கிடைக்கும் எண்டது இந்தத் தொழிலின்ர சாபம். ஹெல்த் இருந்தால் அதைக் குறைக்கலாம்.


முதிரை:

மினிமம் 1 தான் அக்கா. பிழையும் சரியா நாலு. நன்றி. (குளக்கட்டு அண்ணை, தங்கச்சி.)

பூலை 20க்கு இறக்கி, கிளிநொச்சியில இருந்து விபிஎன் வழியா லோட் ரெஸ்ற் போட்டால் வெயிற் ரைம்அவுட் திரும்ப வருது. செக்கனுக்கு 30 கோரிக்கைதான் ஒரு சேர்வருக்கு. ரெஸ்ற்றில வெப்ஸ்பியரை இங்க ஒரு மெசினில ஓட்டிப்போட்டு, ரொறொன்ரோ கேற்வேக்கு இணைக்கிறம்.

த்ரெட் டம்ப் (எந்த த்ரெட் எங்க நிக்குது என்ற பட்டியல்) எடுத்துப் பார்த்தால், இணைப்பு வைச்சிருக்கிற த்ரெட்டுகளில பாதிக்கு மேல ஈசிஐக்குள்ள இல்லை. பிடிஎஃப் செய்யிற வெளிச் சேவையின்ர பதிலுக்கு நிக்குது. ஆனால் கோட்டில ஈசிஐ முடிஞ்ச உடனே குளோஸ் போட்டிருக்கு.

இன்னொன்று, ரிப்போர்ட் பக்கம் மெயின்ஃப்ரேமில உள்ள டிபி2 டேட்டாபேசுக்கு நேரா ஜேடிபிசி (ஜாவாவின்ர டேட்டாபேஸ் இணைப்பு). அதுக்கும் இதே எண்களோ?


குளக்கட்டு:

சரி தங்கச்சி.

குளோஸ் போட்டாலும் இணைப்பு பூலுக்குத் திரும்பவில்லை, அதுதான் விசயம். ரிசோர்ஸ் குறிப்பு ‘ஷேரபிள்’ என்று இருக்கும். ஒன்றும் சொல்லாவிட்டால் அப்படித்தான். குளோபல் பரிவர்த்தனை தொடங்காத சேர்வ்லெற்றில் (வெப் கோரிக்கையை ஏற்கும் ஜாவா நிரல்) வெப்ஸ்பியர் தானாகவே ஒரு லோக்கல் பரிவர்த்தனை வேலியைப் போடும். ஷேரபிள் இணைப்பை நீங்கள் மூடினாலும், அதே வேலிக்குள் திரும்பக் கேட்பீர்கள் என்று நினைத்து, வேலி முடியும்வரை, அதாவது அந்த சேர்வ்லெற் மெதட் முடியும்வரை, உங்கள் பெயரில் ஒதுக்கி வைத்திருக்கும். ஈசிஐக்கு 0.15 செக்கன், பிடிஎஃபுக்கு 2 செக்கன் என்றால் இணைப்பு 2.15 செக்கன் பிடிபட்டிருக்கிறது. 30 × 2.15 = 64.5. பூல் 50 இருந்தபோதும் போதாமல் போனதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

வெப் டாட் எக்ஸ்எம்எல் கோப்பில் அந்த ரிசோர்ஸ் ரெஃபில் ரெஸ் ஷேரிங் ஸ்கோப்பை ‘அன்ஷேரபிள்’ ஆக்குங்கள். குளோஸ் போட்ட கணமே இணைப்பு திரும்பும். ஒரே கோரிக்கையில் நாலைந்து தடவை ஈசிஐ அழைக்கிற இடம் இருந்தால் அங்கே கவனம்: ஒவ்வொரு முறையும் பூலுக்குப் போய் வரும், ஒன்றை மூடாமல் அடுத்ததைக் கேட்டால் இரண்டு பிடிபடும். அப்படி எல்லா த்ரெட்டும் கையில் ஒன்றோடு இரண்டாவதுக்குக் காத்தால் பூல் பூட்டுண்டு போகும்.

ரைம்அவுட் ஒழுங்கையும் இந்தக் கையோடு பாருங்கள். உள்ளே சின்னது, வெளியே பெரியது. எக்ஸ்சிஐக்கு டிஎஃப்எச்எக்ஸ்சிஓபிடி அட்டவணையில் ரைம்அவுட் 0 என்று வரும். 0 என்றால் முடிவில்லாத காத்திருப்பு. அதன் அலகு செக்கனின் நூறில் ஒன்று, ஆகவே 10 செக்கனுக்கு 1000 என்று எழுத வேண்டும். 10 என்று எழுதிவிட்டு எல்லாமே ரைம்அவுட் ஆகிறது என்று தலையைப் பிய்ப்பதுண்டு. பூலின் கொனெக்சன் ரைம்அவுட் தொடக்கத்தில் 180 செக்கன். மூன்று நிமிசம் காத்திருக்க எந்த மனிசரும் இல்லை, 5 ஆக்குங்கள். நெருக்கடியில் உடனே மறுப்பது, எல்லாரையும் வரிசையில் நிறுத்திச் சேர்வரையே முடக்குவதைவிட நல்லது.

திரும்ப முயல்வது பற்றியும் ஒரு வார்த்தை. -3 என்றால் சிஐசிஎஸ் இல்லை, -5 என்றால் கோரிக்கை போகவேயில்லை, -16 என்றால் வளமில்லை. இவற்றில் சற்று இடைவெளி விட்டு ஒருமுறை திரும்ப அனுப்பலாம். -6 வந்தால் தொடாதீர்கள். கோரிக்கை போய்விட்டது, பதில்தான் வரவில்லை. சிஐசிஎஸ்ஸில் அந்த வேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம், முடிந்து எழுதியும் இருக்கலாம். திரும்ப அனுப்பினால் ஒரே கட்டணம் இரண்டு தரம் பதியும். கோரிக்கைக்கு ஒரு தனி எண் கொடுத்து, சிஐசிஎஸ்ஸில் ஓடும் கோபோல் நிரல் பக்கத்தில் அந்த எண் முன்பே வந்ததா என்று பார்க்காத வரைக்கும் -6க்குத் தானியங்கித் திரும்பல் வேண்டாம்.


மாங்குளம்_சந்தி:

லோட் ரெஸ்ற் பற்றி முதலில். இங்கே இருந்து ரொறொன்ரோ போய் வர 200 மில்லிசெக்கனுக்கு மேல். குளக்கட்டு போட்ட கணக்கில் 0.15ஐ 0.35 ஆக்கிப் பாருங்கள்: தேவை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும். பூல் போதவில்லை என்று நீங்கள் காண்பதில் ஒரு பங்கு ஏ9 வீதியிலிருந்து கடல் கடந்து போகிற கேபிளின் நீளம். வெப்ஸ்பியரும் சுமை கொடுக்கிற ஸ்கிரிப்டும் இரண்டுமே அங்கே, டேட்டா சென்டருக்குள் ஒரு மெசினில் ஓட வேண்டும். கிளிநொச்சியில் இருந்து தொடக்கி வைக்கலாம், அளக்கக்கூடாது.

தனி லோட் பலன்சர் பெட்டி: வேண்டாம். அதுவும் இணைப்புத் தொடங்கும்போதுதான் பார்க்கும். ஈசிஐ நெறிமுறையை உடைத்துக் கோரிக்கை கோரிக்கையாகப் பிரிக்க அதற்குத் தெரியாது. மெயின்ஃப்ரேமின் உள்நிலையும் தெரியாது. இன்னொரு ஐடில் ரைம்அவுட்தான் கூடும்.

டிபி2க்கு இந்த எண்கள் செல்லாது, முறையே வேறு. ரைப் 4 டிரைவரில் இனேபிள் சிஸ்ப்ளெக்ஸ் டபிள்யூஎல்பி என்ற பண்பை ‘ட்ரூ’ ஆக்கி, டேட்டா ஷேரிங் குழுவின் (ஒரே தரவைப் பகிரும் டிபி2 பிரதிகள்) விப்பா முகவரியைக் கொடுங்கள். முதல் இணைப்பிலேயே டிரைவர் குழு உறுப்பினர்களின் பட்டியலையும் அவரவர் எடையையும் வாங்கிக்கொள்ளும். அதன் பிறகு ஒவ்வொரு கொமிற்றிலும் (பரிவர்த்தனையை முடித்துப் பதியும் இடம்) அடுத்த பரிவர்த்தனையை எந்த உறுப்பினருக்கு அனுப்புவது என்று அதுவே தீர்மானிக்கும். சிடிஜியில் நீங்கள் ஏஜ்ட் ரைம்அவுட்டால் முக்கித்தக்கிச் செய்வதை இது பரிவர்த்தனை தோறும் செய்கிறது. இதற்கு முன்னால் எந்தப் பலன்சரும் கூடாது; பட்டியலில் உள்ள உறுப்பினரின் முகவரிக்கு டிரைவர் நேரே போக வழி திறந்திருக்க வேண்டும். ஃபயர்வோலில் குழு முகவரியை மட்டும் திறந்துவிட்டு உறுப்பினர் முகவரிகளை மறந்துவிடுவார்கள். அப்போது தொடக்கம் சரியாகப் போய், கொஞ்ச நேரத்தில் தொங்கும்.

கொமிற் நடந்தாலும் இணைப்பு நகராத இடங்கள் உண்டு. வித் ஹோல்ட் போட்டுத் திறந்த கேர்சர் மூடாமல் கிடந்தால், டிக்ளேர் செய்த தற்காலிக அட்டவணையை ட்ரொப் செய்யாமல் விட்டால், கீப்டைனமிக் போட்ட பக்கேஜ் ஓடினால், அந்த இணைப்பு அதே உறுப்பினரில், அதே த்ரெட்டைப் பிடித்தபடி நிற்கும். ரிப்போர்ட் எழுதுகிறவர்கள் முதல் இரண்டையும் தாராளமாகச் செய்வார்கள். கொமிற்றையும் மறப்பார்கள், ‘செலக்ட் மட்டும்தானே’ என்று. அப்படியானால் டிபி2 பக்கத்தில் ஐடிஎச்டிஓஐஎன் (சும்மா நிற்கும் த்ரெட்டுக்கான நேர எல்லை) 120 செக்கனில் த்ரெட்டை அறுக்கும். கொன்சோலில் டிஎஸ்என்எல்027ஐ, காரணம் 00டி3003பி என்று வரும். அந்தக் காரண எண்ணைக் கண்டால் நெற்வேர்க்கைத் திட்டாதீர்கள். செலக்டுக்குப் பிறகு கொமிற் போடுங்கள்.

பூல் அளவு இங்கே அவ்வளவு கொடூரமில்லை. டிபி2இன் சிஎம்டிஸ்ராற் இன்அக்டிவ் என்று இருந்தால், கொமிற் செய்து சும்மா நிற்கும் இணைப்பு த்ரெட்டைப் பிடிக்காது. எண்ண வேண்டியது வேலையில் உள்ளதை. அதுதான் மாக்ஸ்டிபாட்டோடு (டிபி2 த்ரெட்டுகளின் உச்சம்) மோதும். ரிப்போர்ட்டுக்குத் தனி டேட்டா சோர்ஸ், தனிப் பூல், சேர்வருக்கு 5 போதும். பரிவர்த்தனைப் பூலோடு கலந்தால் ஒரு பெரிய ரிப்போர்ட் கூட்டம் எல்லாரையும் பட்டினி போடும்.

எக்ஸ்சிஐ பைப் கணக்கில் தலை சுற்றினால், அடுத்த மாற்றத்தில் ஐபிஐசிக்கு (எக்ஸ்சிஐக்குப் பதிலாக டிசிபி வழியே சிஐசிஎஸ்ஸோடு பேசும் முறை) போவது நல்லது. பைப் எல்லை இல்லை. கேற்வேயில் சென்ட்செசன்ஸ் 100, சிஐசிஎஸ்ஸில் ஐபிகொன் ரிசீவ்கவுன்ட், இரண்டில் சின்னது எதுவோ அதுதான் கிடைக்கும். ஒரு பக்கத்தை மட்டும் ஏற்றிவிட்டு ஏன் கூடவில்லை என்று கேட்பது வழமை. 32 கேபி கொம்ஏரியா (சிஐசிஎஸ் நிரலுக்குத் தரவு கொண்டுபோகும் பகுதி) எல்லைக்கும் ஐபிஐசியில் சனல், கொன்ரெய்னர் என்று வழி உண்டு.


பாலைப்பழம்:

மாங்குளம் சொன்னது சரி. முதிரை, மாத்தின பிறகு சரி வந்ததோ எண்டு பார்க்க, சிஸ்டம்ஸ் ஆக்களிட்ட ரெண்டு கட்டளை கேளுங்கோ: நெற்ஸ்ராற் விடிபிடி டிரெய்ல், நெற்ஸ்ராற் விசிஆர்டி. முதலாவது, எந்த எல்பாருக்கு எத்தனை இணைப்பு விநியோகிச்சது, எடை எவ்வளவு எண்டு காட்டும். ரெண்டாவது, இப்ப உள்ள ஒவ்வொரு இணைப்பும் எங்க போகுது எண்டு காட்டும். ஐபிஎல்லுக்கு முன்னம் ஒருக்கா, எல்பார் எழும்பின உடனே ஒருக்கா, ஒரு மணித்தியாலத்தால ஒருக்கா. மூண்டையும் பக்கத்தில வைச்சுப் பார்த்தால் ஆரோடையும் சண்டை பிடிக்கத் தேவையில்லை.


காட்டுத்தேன்:

அறிவியல்நகர் பொறியியல் பீடத்தில படிக்கிறன். மெயின்ஃப்ரேம் கையில இல்லாமல் இதெல்லாம் எப்பிடிப் பழகிறது?


மாங்குளம்_சந்தி:

ஐபிஎம்மின் இசட் எக்ஸ்ப்ளோர் இலவசம். உண்மையான இசட் ஓஎஸ்ஸில் ஜேசிஎல், டேட்டாசெற், கோபோல் எல்லாம் பழகலாம். முன்பு மாஸ்டர் த மெயின்ஃப்ரேம் என்ற பெயரில் இருந்தது அதுதான். சிஸ்ப்ளெக்ஸ் செற்றிங்கை மாற்றிப் பார்க்க அங்கே விடமாட்டார்கள்.

ஆனால் இந்தத் திரியில் உள்ள முதல் கரைச்சலை மடிக்கணினியிலேயே செய்து பார்க்கலாம், தம்பி. போஸ்ற்கிரெஸ் டேட்டாபேஸ் இரண்டு பிரதி வேறு வேறு போர்ட்டில் ஓடவிடுங்கள். முன்னால் எச்ஏபிரொக்சி பலன்சர், டிசிபி முறையில், லீஸ்ற்கொன் (இணைப்புக் குறைந்த பக்கம் அனுப்புவது) போட்டு, சேர்வர் வரிகளில் ‘செக்’ போட்டு. அதற்கு முன்னால் ஓப்பன் லிபர்ட்டியில் சின்னதொரு ஜாவா அப், கொனெக்சன் மனேஜரில் மாக்ஸ்பூல்சைஸ் 20. அப் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எந்தப் போர்ட்டில் உள்ள டேட்டாபேஸ் பதில் சொன்னது என்று அச்சடிப்பது. ஜேமீற்றரால் இருபது த்ரெட்டில் சுமை கொடுங்கள், பத்துக்குப் பத்து என்று பிரியும். ஒரு போஸ்ற்கிரெஸ்ஸை நிறுத்துங்கள், இருபதும் மற்றதற்கு ஓடும். திரும்பத் தொடக்குங்கள், ஒன்றும் திரும்பி வராது. சுமையை நிறுத்தாமல் விட்டால் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் வராது. பிறகு ஏஜ்ட்ரைம்அவுட்டை 60 செக்கன், ரீப்ரைமை 10 செக்கன் ஆக்கி அதையே திருப்பிச் செய்யுங்கள்.